சதுப்புத் திட்டில் ஐந்தாவது ஆள்

எங்கள் விஸ்கான்சினில் அரசாங்கக் காட்டுக்கு வேட்டைக்குப் போகிற எவனும் வண்டி நிறுத்துகிற இடத்தைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். வயதான கலைமான் ஆள் அண்டாத இடத்தில்தான் படுக்குமாம். என் தங்கை டார்லாவின் புருஷன் வெர்லினுக்கோ அப்படி இடம் தேடுவதே வெறி. கோடை முழுக்க வான்வழிப் படங்களைக் குடைந்து, சதுப்புக்கு நடுவே ஒரு திட்டைக் கண்டுபிடித்தான். அது எங்கே என்று சொந்த அண்ணனிடம்கூட மூச்சு விடவில்லை.

வேட்டை தொடங்கிய அன்று, இடுப்பளவு சேற்றில் உழன்று விடியலில் போய்ச் சேர்ந்தான். அங்கே வேட்டைக்காரர்கள் போடும் ஆரஞ்சுச் சட்டையில் நாலு பேர், மரத்துக்கு ஒருவராக உட்கார்ந்திருந்தார்கள்.

"வாங்க, வாங்க! நீங்களும் மேப் பாத்துத்தானா?" என்றார் ஒருவர்.

நனைந்த கோழியாக வண்டி நிறுத்துகிற இடத்துக்குத் திரும்பி வந்தவனை, வண்டிக்குள் காப்பி குடித்துக்கொண்டிருந்த டார்லா கையைக் காட்டி அடக்கினாள்.

"யோவ், மெதுவா வா. கக்கூஸுக்குப் பின்னாடி பாரு. இம்மாம் பெரிய கொம்போட காலைலேருந்து படுத்துக் கெடக்கு."

"ஒரு போன் பண்ணக் கூடாதா?"

"மான் மெரண்டுடும்னு நீதானய்யா ஆஃப் பண்ணி வச்ச!"

அவன் போட்ட கூச்சலில் மான் எழுந்து, நிதானமாகச் சதுப்புக்குள் நடந்தது. கொஞ்ச நேரத்தில் திட்டுப் பக்கம் துப்பாக்கி வெடித்தது.

வெர்லின் நெஞ்சை நிமிர்த்தினான்.

"நான் சொல்லல? அங்கதான் வரும்னு!"