மீனுக்கு நாலு பேர்

சைகோனுக்கு வேலைக்கு வந்த எட்டாவது வருஷம் எனக்கு ஒரு குளத்தில் கால்பங்கு கிடைத்தது. கிடைத்ததா என்பதே இன்றுவரை எனக்குக் குழப்பம்தான். பூ மி ஹங் பகுதியில் ஒரே அடுக்ககத்தில் குடியிருந்த நாங்கள் நான்கு தமிழர்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் தூண்டில் போட இடம் வேண்டுமென்று, நகரின் வடக்கு ஓரத்தில் ஒரு பள்ளத்தை மறித்து மண்கரை போட்டோம். வெளிநாட்டுக்காரன் பெயரில் அங்கே நிலம் எழுத முடியாது. என் மனைவி அந்த ஊர்க்காரி என்பதால் காகிதம் அவளுடைய அண்ணன் பெயரில் இருந்தது. படித்துப் பார்த்தால், நிலம் நாட்டுக்குச் சொந்தம், அவருக்கு அனுபவிக்கும் உரிமை மட்டுமே என்றிருந்தது.

கரைக்குக் கீழே ஒரு தகரக் கூரை வீடு. கீரை பயிரிடும் ஒரு பெண் அங்கே தனியாக இருந்தார்.

முதல் மழையிலேயே, நிரம்பிய தண்ணீர் வெளியேற விட்டிருந்த கலிங்கு வழியாக மீன்கள் ஓடின. எங்கள் காரைக்குடிப் பக்கம் கலிங்கு பாய்ந்தால் வலை கட்டி மீன் அள்ளுவோம். அந்தக் கெட்டிக்காரத்தனத்தில் நானே குறுக்கே நைலான் வலையை இழுத்துக் கட்டினேன். ஊரில் வலை கட்டியவன் அங்கேயே நிற்பான். நான் கட்டிவிட்டுக் கார் ஏறிவிட்டேன்.

மூன்றாம் நாள் நல்ல மழை. மனைவியின் அண்ணன் போன் செய்தார்.

"கீழ்வீட்டம்மா கூப்பிட்டாங்க. தண்ணி கரை உச்சிக்கு வந்துடுச்சாம். உங்க கரை, நீங்களே பாருங்க."

"காகிதம் உங்க பேர்லதானே இருக்கு?"

"நிலம்தான் என் பேர்ல. அதுல மண்ணைக் கொட்டினது நீங்க."

கூட்டாளி ஒருவனைக் கூப்பிட்டேன். "இடம் உன் மச்சானோடது, எனக்கென்னடா தெரியும்? மீன் மட்டும் பத்திரம்" என்றான். எனக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலிருந்தது. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

ஆகாயத்தாமரை வலை முழுக்க அப்பிக் கலிங்கை அடைத்திருந்தது. தண்ணீர் கரை உச்சிக்கு ஒரு சாண் கீழே. வெளிச்சரிவில் சேறாக ஒரு கசிவு. அந்தப் பெண், முன்னோர் படையல் மாடத்தில் இருக்கும் ஊதுவத்திக் கிண்ணத்தை, வீட்டை விட்டு ஓடத் தயாராக நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வாசலில் நனைந்தபடி நின்றிருந்தார். வலையை அறுத்தேன். தண்ணீரோடு மீனெல்லாம் போயிற்று. கரை நின்றது.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வந்தார்கள், மனைவியின் அண்ணன் உட்பட.

"உன்னை யாருடா அறுக்கச் சொன்னது? மீன் நாலு பேரோடது!" என்று கூட்டாளி ஒருவன் கத்தினான்.

சண்டை நடக்கும்போதே அந்தப் பெண் கூடையோடு மேலேறி வந்தார். கீரைப்பாத்தியில் ஒதுங்கிய மீன்கள்.

"இது உங்க மீன்தானே, அண்ணே?"

நான்கு பேரும் தலையாட்டினோம்.

"அப்போ கரை யாரோடது?"

ஒருவன் தூண்டிலைப் பார்த்தான். மனைவியின் அண்ணன் வானத்தைப் பார்த்தார். எந்தக் காகிதத்திலும் இல்லாத நான், ஏன் சொன்னேனென்று தெரியாமலே, "என்னோடது" என்றேன்.

அந்தப் பெண் கூடையை என் கையில் கொடுத்து, போன் நம்பரைக் கேட்டார். என்னைக் கீழே அழைத்துப்போய்த் தன் வீட்டுக் கதவில் அதைக் கரித்துண்டால் எழுதிக்கொண்டார். ஊதுவத்திக் கிண்ணம் இன்னும் படையல் மாடத்துக்குப் போகவில்லை. கையெட்டும் தூரத்தில், வாசற்படி ஓரமாகவே இருந்தது.