தலைமாட்டைப் பிடித்தவர்

"அந்தக் காலத்துல இப்படிப்பட்டவங்க இருந்தாங்களா?" என்று இப்போது யாராவது கேட்டால் பதில் சொல்லவே எனக்கு அலுப்பாக இருக்கிறது. இல்லாமல் எங்கே போவார்கள்? நாங்கள் மட்டும் என்ன வானத்திலிருந்தா குதித்தோம்?

வாலிபத்தில் நான் உப்பளம் என்ற பேட்டையில் ஒரு ஸ்டூடியோவில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன். கல்யாணங்களுக்கு முதலாளியே போவார்; சாவு வீடுகள் எனக்கு. எங்கள் கிறிஸ்தவ வீடுகளில் பெட்டியை மூடுவதற்கு முன் குடும்பம் மொத்தமும் சுற்றி நின்று ஒரு படம் எடுத்தாக வேண்டும். முகம் தெரிய வேண்டுமென்றால் பெட்டியின் தலைமாட்டைத் தூக்கிச் சரிக்க வேண்டும். பின்னால் ஒருவர் குந்திக்கொண்டு அதைத் தாங்கிப் பிடிப்பார். அவர் படத்தில் விழ மாட்டார் என்பதால் சொந்தக்காரர்கள் யாரும் அந்த வேலைக்கு லேசில் வர மாட்டார்கள்.

ஒருநாள் சொல்தா வீட்டிலிருந்து ஆள் வந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். இந்தச் சொல்தா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவரும் ஒரு தையல்காரரும் கிழவர்களாகும்வரை ஒரே வீட்டில் இருந்தார்கள். மழை நாளில் ஒரே குடையில் பூசைக்குப் போவார்கள். "நகமும் சதையும்" என்று ஊர் சொல்லும். அதற்கு மேல் கேட்காது. அதைப் பெருந்தன்மை என்று இன்றைக்குச் சிலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கேட்டிருந்தால் தையல்காரருக்கு ஓர் இடம் கொடுக்க வேண்டி வந்திருக்கும்.

அன்றைக்கு, சொல்தா உயிரோடு இருந்தபோது எட்டிப் பார்க்காத அண்ணன் மக்கள் எல்லாரும் வந்து இறங்கியிருந்தார்கள். "சொந்தக்காரங்க மட்டும் நில்லுங்க" என்று மூத்தவர் சத்தம் போட்டார். பெட்டியருகே உட்கார்ந்திருந்த தையல்காரர் எழுந்து வாசற்படிக்குப் போய்விட்டார். "பின்னாடி யாராச்சும் தாங்கிப் புடிங்க" என்றேன் நான், வழக்கம்போல. ஒருவரும் அசையவில்லை. தையல்காரர்தான் திரும்பி உள்ளே வந்தார். பெட்டிக்குப் பின்னால் குந்தி இரண்டு கையாலும் தலைமாட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "எடுப்பா" என்றார்.

எடுத்தேன். முடிந்தது என்று சொன்னால் இறக்கி மூடிவிடுவார்கள். "யாரோ கண்ண மூடிட்டீங்க, இன்னொண்ணு" என்றேன். பிறகு வெளிச்சம் போதவில்லை என்றேன். ஃபிளாஷ் மக்கர் பண்ணுகிறது என்றேன். கடைசியாக அமுக்கியபோது கேமராவில் ஃபிலிமே இல்லை. பெட்டி மட்டும் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. நானும் அவரைப் போன்றவன் என்பது அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

இப்போது எங்களைக் குற்றவாளிகள் என்று சட்டம் சொல்வதில்லை. நல்லதுதான். என்னோடு பாதி ஆயுளைக் கழித்தவன் பாகூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவன். தட்டாஞ்சாவடியில் லேத் ஓட்டியவன். ஈரல் கெட்டுப் படுத்திருக்கிறான். வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லி டாக்டர் அனுப்பிவிட்டார்.

போன வாரம் அவன் அண்ணன் இளநீர்க் குலையோடு வந்தார். நல்ல மனிதர், அதுதான் கஷ்டம். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கூடப்பொறந்தவங்க செய்யறத நீங்க செஞ்சிட்டீங்க சார். ஆவவேண்டியது ஆச்சுன்னா ஒரு போன் பண்ணிடுங்க, போதும். வண்டி வெச்சு ஊருக்கு எடுத்துக்கினு போயி மத்தத நாங்க பாத்துக்கறோம்."

தலையாட்டினேன். சண்டை போடத் தெம்பு இல்லை. போட்டாலும் என்ன உறவு சொல்லிப் போடுவது? கொள்ளி வைக்க அவர் மகன் இருக்கிறான். டவுனிலிருந்து வந்த ஃப்ரெண்டு என்று எனக்குப் பந்தலில் ஒரு நாற்காலி போடுவார்கள், காபி கொடுப்பார்கள். கோபம் வருகிறது. வந்த வேகத்திலேயே களைத்தும் போகிறது.

அண்ணன் கிளம்பியதும் அவனுக்குத் தலையணையைச் சரிசெய்தேன். கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

"போன் பண்ணுவியா?"

"பண்ணாம இருக்க முடியுமா?"

கண்ணைத் திறந்தான்.

"பண்ணு. ஆனா உடனே பண்ணிடாத. கொஞ்ச நேரம் நம்ம வூட்லயே இருந்துட்டுப் போறேன்."