முதல் ரேஸுக்கு ஒரு நம்பர்

திண்டிவனத்தில் நான் தாம்பரம் பாசஞ்சரில் ஏறியபோது, அவர் விழுப்புரத்திலிருந்தே உட்கார்ந்து வந்திருந்தார். வெளுத்த முழுக்கைச் சட்டை, மழித்த முகம், காதில் ஒரு பென்சில். மடியில் ரேஸ் புக்கை விரித்து, குதிரைகளின் பெயர்களுக்குப் பக்கத்தில் புள்ளி வைத்துக்கொண்டிருந்தார்.

"கிண்டிக்கா?" என்றேன்.

"ஆமாங்க. முன்னெல்லாம் இந்தப் பொட்டியில பாதி நம்ம ஆளுங்கதான். விக்கிரவாண்டியிலேருந்தே எந்தக் குதிரைன்னு சண்டை போட்டுக்கினு வருவோம். இப்ப எல்லாரும் வீட்லயே குந்திக்கினு போன்ல கட்டிடறாங்க."

மேல்மருவத்தூர் தாண்டியதும் புத்தகத்தை என்னிடம் நீட்டினார்.

"மொத ரேஸுக்கு ஒரு நம்பர் சொல்லுங்க சார். குதிரையப் பத்தி ஒண்ணும் தெரியாதவங்ககிட்ட கேக்கறதுதான் எங்க வழக்கம்."

நான் பள்ளிக்கூட வாத்தியார். "சூதாட்டத்துக்கெல்லாம் நான் நம்பர் சொல்றதில்லீங்க" என்றேன், வகுப்பில் பேசுகிற அதே குரலில்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. புத்தகத்தை மூடினார்.

"ஜெயிக்கறதுக்குக் கேக்கல சார். நம்பர் குடுத்தவர சாயங்கால வண்டியில தேடிப் புடிச்சி, வந்துச்சு, வரலன்னு சொல்லுவோம். இப்ப சொல்றதுக்கு ஆளு இல்லீங்க."

அதன்பிறகு தாம்பரம் வரை அவர் ஜன்னல் பக்கம் திரும்பியபடியே வந்தார்.

அன்று சாயங்கால வண்டியில் பெட்டி பெட்டியாகத் தேடினேன். அவர் இல்லை. இப்போது கிண்டியில் ரேஸே நின்றுவிட்டது. ஏழு என்றோ எட்டு என்றோ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு என்ன குறைந்துபோயிருக்கும்?