மூன்று ராசாக்களுக்குக் கீழே

இரவு வானத்தைப் படமெடுக்கும் ஆசை எனக்கு வந்ததற்கு வானம் காரணமில்லை. என் மகளின் கண்தான் காரணம். அதை அவளிடம் சொல்லாமல், மழை ஓய்ந்த ஒரு மாசி மாதம் முழுவதும் அவளைக் கடற்கரைக்கு இழுத்துக்கொண்டு திரிந்தேன்.

எனக்கு மாலைக்கண். பகலில் பத்திரிகையின் பொடி எழுத்தையும் வாசித்துவிடுவேன். பொழுது பட்டால் விளக்கு விழுகிற இடம் மட்டுமே எனக்கு உலகம், அதற்கு வெளியே ஒன்றுமில்லை. இருபதுகளின் பிற்பாதியில் தொடங்கியது. இயேசு பிறப்பைக் கொண்டாடும் ஒரு நத்தார் நள்ளிரவுப் பூசையில் கோயில் விளக்குகளை அணைத்த நேரம் முன்வரிசைப் பக்கம் நடந்துபோய், பாலன் குடிலில் படுத்திருந்த களிமண் மாட்டை மிதித்து உடைத்தேன். நான் குடித்துவிட்டு வந்ததாகப் பங்குச் சனம் முடிவு கட்டியது. கண் போகிறது என்று சொல்வதைவிட அந்தப் பெயரே பரவாயில்லை என்று நானும் கொஞ்சக் காலம் சும்மா இருந்தேன்.

என் தாய்மாமனுக்கும் இதே கண் வருத்தம் இருந்தது. அதைக் கேட்டதும் கண் கிளினிக்கில் டொக்டர் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“பிள்ளையையும் ஒருக்கா கூட்டிக்கொண்டு வாங்கோ. இப்ப ஒண்டும் இல்லாமல் பிறகு வரவும் கூடும். பாத்து வைக்கிறது நல்லது.”

மனைவியும் பக்கத்தில் இருந்தாள். இருவரும் வீட்டுக்கு வந்தோம், சோறு சாப்பிட்டோம், மகளிடம் வாய் திறக்கவில்லை. கூட்டிப்போனால் ஏதாவது ஒரு பதில் சொல்லிவிடுவார்களே என்று எனக்குப் பயம். பயத்துக்கு நான் வைத்த பெயர், பிள்ளை படிக்கிறாள், குழப்பக் கூடாது என்பது.

அவளுக்குப் பதினெட்டு முடிந்து ஸ்கூட்டி லைசன்ஸும் கையில் வந்துவிட்டது. டவுனில் அவள் போகிற வகுப்பு முடிய இருட்டிவிடும். பகலில் எவ்வளவு தூரமும் ஓடு, பொழுது பட்டால் வண்டியைப் பூட்டித் திறப்பை என்னிடம் தா என்று சட்டம் போட்டேன். காரணம் கேட்டாள். வீதியெல்லாம் மாடு படுத்திருக்கிறது என்றேன். “அப்ப மாட்டுக்கெல்லோ சட்டம் போடோணும்” என்று சொல்லிவிட்டுத் தாயோடு பஸ்ஸில் வந்து போனாள். ஒரு வாரம் என்னோடு அவ்வளவாகக் கதைக்கவில்லை.

அப்போதுதான் கமராவின் நினைவு வந்தது. பிள்ளைகளின் முதல் நன்மை விழா, பிறந்தநாள் என்று முன்பு நான் படம் எடுத்துக் கொடுத்த பழைய கமரா. கூடவே வாங்கிய சாதாரண லென்ஸ் ஒன்றுதான் அதற்கு உண்டு. முக்காலி ஸ்டாண்டின் ஒரு கால் எப்போதோ உடைந்துவிட்டது. ஒரு தலையணை உறையில் பயற்றைக் கொட்டிக் கட்டி, அதன்மேல் கமராவை மல்லாக்கப் படுக்க வைத்தால் ஆடாமல் வானத்தைப் பார்க்கும் என்று கண்டுபிடித்தேன். மனைவிக்கு அது பொறுக்கவில்லை.

“பயறு அவிச்சுத் தாங்கோ எண்டு ஆரும் கேட்டால் என்னத்தைச் சொல்ல? நட்சத்திரம் பாக்கப் போயிட்டுது எண்டோ?”

என் திட்டம் இதுதான். மகளைக் கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தைப் பார்க்கச் சொல்லி, எத்தனை தெரிகிறது என்று கேட்பது. நல்ல கண்ணுக்குக் குறைந்தது ஆறு தெரியும். எனக்கு அந்த இடத்தில் வெறும் இருட்டு, ஆனால் கமராவுக்குத் தெரியும், அதன் திரை எனக்குத் தெரியும். அவள் சொல்வதைப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம். கிளினிக் வேண்டாம், டொக்டர் வேண்டாம், என் பிள்ளையை நானே பார்த்துக்கொள்வேன். எவ்வளவு கெட்டித்தனம்!

டவுனில் வெளிச்சம் கூடுதல், நட்சத்திரம் எடுபடாது. அதனால் டவுனுக்கு வெளியே கடலோரம் இருக்கும் இறக்கக்கண்டிக்குப் போனோம், அங்கே மனைவியின் தம்பி வீடு இருக்கிறது. வெயில் இருக்கும்போதே மகள் ஸ்கூட்டியை ஓட்டிக்கொண்டு போவாள், நான் பயற்றுப் பொதியை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் இருப்பேன். திரும்பும்போது ஸ்கூட்டியை அங்கேயே விட்டுவிட்டுப் பஸ்ஸில் வருவோம். மச்சான் காலையில் டவுனுக்கு வேலைக்கு வரும்போது அதை ஓட்டி வந்து வாசலில் நிறுத்துவார். நல்ல மனிதர், காரணம் கேட்டதில்லை. ஆனால் திறப்பைத் தரும்போது ஒரு சிரிப்புச் சிரிப்பார்.

கரையில் கவிழ்த்து வைத்த தோணியின்மேல் பொதியை வைப்போம். இருட்டில் கமராவுக்குத் தானாகக் குவியம் பிடிக்க ஏலாது. கடலில் தூரத்தில் தெரியும் ஒரு படகு விளக்கைத் திரையில் பெரிதாக்கி, அது சின்னப் புள்ளியாகும்வரை லென்ஸ் வளையத்தைத் திருப்பி, பிறகு வளையம் அசையாமல் பிளாஸ்டர் ஒட்டிவிடுவோம். கை பட்டால் ஆடும் என்பதால் டைமரில் போட்டுவிட்டு விலகி நிற்க வேண்டும். ஏறக்குறைய இருபது செக்கன் கமரா வாயைத் திறந்து வைத்திருக்கும். அந்த நேரத்தில்தான் நான் சாதாரணமாகக் கேட்பேன்.

“கார்த்திகை எத்தினை தெரியுது மகள்?”

“ஆறு.”

படத்திலும் அந்த ஆறும், அவற்றுக்கிடையில் இன்னும் பொடியாகப் பலவும் இருக்கும். எனக்கு நெஞ்சுப் பாரம் இறங்கும். மறுநாள் திரும்ப ஏறிவிடும். அடுத்த முறையும் ஆறு. அதற்கடுத்த முறையும் ஆறு. நான் அவற்றைக் கடைசியாக எப்போது வெறுங்கண்ணால் பார்த்தேன் என்று யோசித்தேன், நினைவுக்கு வரவில்லை. கடைசித் தடவை என்று தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் நின்று பார்த்திருப்பேன்.

பிறகு அந்த மாலை வந்தது. கேட்டேன், “ஆறு” என்றாள். கமராவைத் தூக்கித் திரையைப் பார்த்தேன். கார்த்திகை இருக்க வேண்டிய இடத்தில் மங்கல் மட்டும் இருந்தது. முதலில் கமராவுக்கும் என் வருத்தம் தொற்றிவிட்டதோ என்று நினைத்தேன். உப்பு ஈரம் பட்டிருக்கும் என்று லென்ஸைத் துடைத்து இன்னொன்று எடுத்தேன். அதுவும் அப்படியே. மெல்லிய முகில் ஒன்று அங்கே வந்து நின்றிருந்தது. ஆறு என்ன, ஒன்றுகூடத் தெரிந்திருக்க முடியாது.

அவள் பார்க்காமலே சொல்லியிருக்கிறாள். தெரியாததைத் தெரிகிறது என்று சொல்வது எப்படியென்று எனக்கு நன்றாகத் தெரியும், பல வருசம் நான் செய்த வேலை அது. பஸ்ஸில் அவள் யன்னலோரம் தூங்கினாள். நான் பயற்றுப் பொதியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, என்னிடமிருந்து இவளுக்கு வேறெதுவும் போயிருக்கக் கூடாதா, மூக்குப் போயிருக்கலாம், முன்கோபம் போயிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். அன்றிரவு மனைவியிடமும் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து நான்தான் திரும்பவும் போவோம் என்றேன். அன்று வானம் கழுவி விட்டதுபோல் இருந்தது என்று மகள் சொன்னாள். நான் எதுவும் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை. உச்சியில் வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களுக்கு எங்கள் வீட்டில் மூன்று ராசாக்கள் என்று பெயர். கமராவை அந்தப் பக்கம் படுக்க வைத்து அழுத்திவிட்டு விலகினேன்.

“அப்பா, ஒண்டு ஓடுது!”

“என்னது?”

“செய்மதி போலக் கிடக்கு. ராசாக்களுக்குக் கீழால போகுது. மெல்லமாத்தான் போகுது, சரியான சின்னன். இந்தா, மங்குது... மங்குது... இல்லாமப் போச்சு. வழியிலையே நிண்டு போச்சு.”

நான் அண்ணாந்து அந்தச் செயற்கைக்கோளைத் தேடினேன். எனக்கு வழக்கமான கறுப்புத்தான். கமரா டக்கென்று மூடிக்கொண்டது. ஆனால் அந்தப் பழைய கமராவுக்கு ஒரு குணம் உண்டு, திறந்திருந்த நேரம் அளவுக்கு இன்னொரு தரம் சிவப்பு விளக்கை எரியவிட்டு யோசித்த பிறகுதான் படத்தைக் காட்டும். அந்தக் கொஞ்ச நேரம் நான் செபம் சொன்னேனா, கமராவைத் திட்டினேனா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. இரண்டையும் செய்திருப்பேன்.

திரை வந்தது. மூன்று ராசாக்களும் இருந்தார்கள். அவர்களுக்குக் கீழே மயிர்போல ஒரு கோடு, வரவர மெலிந்து, ஓரத்தை எட்டாமல் பாதியிலேயே அழிந்துபோயிருந்தது.

இதை எவரும் மனப்பாடம் செய்துகொண்டு வந்து சொல்ல முடியாது. நான் தோணியில் சாய்ந்து அழுதேன். கமராவின் வெளிச்சம் முகத்தில் அடித்ததால் மறைக்கவும் முடியவில்லை.

மகள் கமராவை என் கையிலிருந்து வாங்கிப் பொதியின்மேல் வைத்தாள்.

“இப்ப நம்புறீங்களா?”

“உனக்கு ஆர் சொன்னது?”

“ஒருத்தரும் சொல்லேல்லை. அம்மா கோயிலிலை நேர்த்திக்கு வெள்ளிக் கண் வச்சவ. ஒரு சோடி எண்டால் உங்களுக்கு. அவ ரெண்டு சோடி வச்சவ. மற்றது ஆருக்கு அப்பா? வீட்டிலை நான்தானே மிச்சம்.”

கண் வருத்தத்துக்கு வெள்ளியில் செய்த சின்னக் கண்களைக் காணிக்கை வைப்பது எங்கள் வழக்கம். மனைவி வைத்தது எனக்குத் தெரியாது. நான் அவளுக்கு மறைத்து, அவள் எனக்கு மறைத்து, இருவருமாகச் சேர்ந்து பிள்ளைக்கு மறைத்ததாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

“அப்ப அண்டைக்கு முகிலுக்கை எப்பிடி ஆறு தெரிஞ்சது?”

“தெரியேல்லை. தெரியேல்லை எண்டு சொன்னா உங்கட முகம் எப்பிடிப் போகும் எண்டு எனக்குத் தெரியும். அதான் சொன்னனான். நீங்க அதைக் கமராவோட ஒப்பிட்டுப் பாப்பீங்க எண்டு நினைக்கேல்லை.” பொதியைத் தட்டிக்கொண்டு, “நாங்கள் கிளினிக்குக்குப் போவம் அப்பா. உங்கட பயறு பாவம்” என்றாள்.

மச்சான் வீட்டுக்கு வந்ததும் திறப்பை எடுத்துக் கொடுத்தேன். அவள் ஸ்கூட்டியைத் திருப்பினாள். மச்சான் வாசலில் நின்று அதே சிரிப்புச் சிரித்தார். நிலாவெளி தாண்டி, உப்புவெளி தாண்டி வந்தோம். எதிரே வந்த வாகன வெளிச்சங்கள் எனக்கு வெறும் வெள்ளையாக அடித்துவிட்டுப் போயின. மற்ற இடமெல்லாம் அவள் முதுகை நம்பி இருந்தேன்.

டவுனுக்குள் வந்து கடற்கரை வீதியில் திரும்பியதும் அவள் வேகத்தைக் குறைத்து நிறுத்தினாள்.

“என்ன?”

“மான்.”

கோட்டைப் பக்கத்து மான்கள் இரவில் வீதிக்கு வந்து படுப்பது வழக்கம்தான். நான் எட்டிப் பார்த்தேன். எங்கள் லைட் விழுந்த தார் மட்டும் தெரிந்தது. பதினெட்டு வயதில் நானும் இதே வீதியில் சைக்கிளை நிறுத்தி மான்களுக்கு வழி விட்டிருக்கிறேன், எல்லாவற்றையும் பார்த்திருக்கிறேன். டொக்டர் சொன்ன ‘பிறகு’ என்ற சொல் அப்போது நினைவுக்கு வந்தது. அதை நான் அவளிடம் சொல்லவில்லை. கிளினிக்கில் சொல்வார்கள், அன்று பக்கத்தில் இருப்பேன்.

“எங்கை மகள்?”

“அவசரப்படாதீங்கோ. எழும்புது.”

இருவரும் காத்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் அது வெளிச்சத்துக்குள் நடந்து வந்தது, எனக்கும் தெரிந்தது.