பல்வரிசைக்குப் பின்னால் பதிமூன்று நடை

அத்தை யாருக்கு அத்தை என்று யாரும் கேட்டதில்லை. தெருவுக்கே அத்தை. ஆல்டரேஷன் கடையில் பதினெட்டு வருஷமாகப் பேண்ட் உயரம் குறைப்பவள். ஊரில் பாதிப் பேரின் கால் நீளம் அவளுக்கு மனப்பாடம். முகம் மறந்துபோகும், கால் மறக்காது. "அந்த முப்பத்தெட்டரை இன்னைக்கு வந்துட்டுப் போச்சு" என்பாள். கேட்பவர்கள்தான் அது பேய் இல்லை, பேங்க் மேனேஜர் என்று புரிந்துகொள்ள வேண்டும்.

அப்படிப்பட்டவள் வீட்டிலேயே ஒரு கால் மக்கர் பண்ணியது. மாமாவின் இடது கால்.

மாமா பஸ் கண்டக்டர். ஓடுகிற பஸ்ஸில் கம்பியைத் தொடாமல் இருபத்தாறு வருஷம் முன்னும் பின்னும் நடந்தவர். ஏறின தலை, இறங்கின தலை எண்ணுவதில் அவரிடம் தப்பு வந்ததே இல்லை. ஒருநாள் காலையில் ஷூ மாட்டக் குனிந்தவர் அப்படியே சாய்ந்தார். பக்கவாதம். கோணின வாய் ஒரு மாதத்தில் நேராகி, பழையபடி குற்றம் சொல்ல ஆரம்பித்தது. கால் மட்டும் வரவில்லை. வீட்டுக்கு வந்துபோகும் பிசியோ தம்பி ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிட்டார்: ஆறு மாதத்துக்குள் தினமும் நடந்து பழகினால் கால் திரும்பும், விட்டால் இப்படியே தங்கிவிடும். அதில் மூன்று மாதம் ஏற்கெனவே போயிருந்தது.

நடக்க இடம் வேண்டுமே. ஹாலில் சோபா, பீரோ, தையல் மெஷின் மூன்றும் குடியிருந்தன. மனிதர்கள் பக்கவாட்டில் போய்வந்தார்கள். வாசலில் இறங்கினால் தெரு. மிச்சம் பின்பக்க வராந்தா. பதினோரு அடி நீளம், ஐந்தடி அகலம், அத்தையே டேப் போட்டு அளந்தது. அதற்கு எதிரே ஒரு சந்து தள்ளி மூன்று மாடிக் கட்டிடம். ஒன்பது ஜன்னல், மூன்று பால்கனி. மாமா முதல் நாளே எண்ணிவிட்டார். எண்ணிவிட்டு வாக்கரைத் திருப்பிக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார்.

"அவங்கவங்க வேலை அவங்கவங்களுக்கு. யாருங்க பார்க்கப்போறா?" என்றாள் அத்தை.

"டிக்கெட் எடுக்காதவனும் அப்படித்தான் நினைப்பான்."

அதற்கு மேல் அவரிடம் பேசுவது சுவரில் ஊசி குத்துகிற வேலை. வராந்தாவை மறைக்காமல் கால் அசையாது என்று அத்தைக்குத் தெரிந்துபோனது.

மூங்கில் தட்டி விலை கேட்கப் போனாள். கடைக்காரர் சொன்னதைக் கேட்டு, பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி, எதையும் பார்க்காமல் வந்துவிட்டாள். பெயிண்ட் டப்பாக்களில் கொடி நட்டாள். அது போகிற வேகத்துக்கு, மேலே ஏறி மறைப்பதற்குள் மாமா ஒன்று ஓடியிருப்பார், இல்லை படுத்தேவிட்டிருப்பார். பழைய புடவைகளை இணைத்துத் தொங்கவிட்டாள். காற்று அடித்ததும் அவை மேலே எழும்பி, மாமாவைத் திரை விலக்கிக் காட்டுகிற மாதிரிக் காட்டிவிட்டு இறங்கின. மாமா வாக்கரைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனார்.

கடைசியில் கை கொடுத்தவன் கடைக்குப் பக்கத்தில் பேனர் அடிக்கிற பையன். ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு அடித்த பெரிய போர்டுத் துணி அவனிடம் சுருட்டிக் கிடந்தது. போன் நம்பரில் ஒரு எண்ணை விழுங்கிவிட்டதால் ஆஸ்பத்திரி வாங்க மறுத்துவிட்டதாம். இரண்டு பேண்ட் குறைத்துக் கொடுத்தால் எடுத்துக்கொள்ளலாம் என்றான். "அத்தை, இது சாதா துணி இல்ல. லைட் போர்டுக்குன்னு ஸ்பெஷலா அடிச்சது. ரேட்டே டபுள்" என்றும் சொன்னான். அத்தையின் காதில் டபுள் மட்டும்தான் விழுந்தது.

துணி முழுக்க ஒரு பெண்ணின் சிரிப்பு. மூக்குக்கு மேலே கிடையாது, பல்தான். ஒவ்வொரு பல்லும் தலையணை அளவு. ஓரத்தை மடித்து, ஒரு அடிக்கு ஒரு வளையம் தைத்து, கயிறு கோத்து மேலேயும் கீழேயும் இழுத்துக் கட்டினாள். புயலே வந்தாலும் அசையாது. சிரிப்பு எந்தப் பக்கம் என்பதில்தான் கொஞ்சம் பேச்சு நடந்தது. அத்தனை பல்லுக்கு முன்னால் தன்னால் கால் எடுத்துவைக்க முடியாது என்று மாமா சொல்ல, சிரிப்பு எதிர்வீட்டுக்காரர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. இரண்டாம் மாடிக் குழந்தை அந்த வாரத்திலிருந்து ராத்திரியும் பல் தேய்ப்பதாகச் செய்தி வந்தது.

மாமா வெள்ளைப் பக்கத்தைத் தட்டிப் பார்த்தார். துணியை ஒட்டிக் கண் வைத்துப் பார்த்தார். ஒரு ஜன்னலும் தெரியவில்லை. அன்றைக்கு ஆறரை மணிக்கு, இருட்டத் தொடங்கினதும், சுவரில் இருந்த டியூப்லைட்டைப் போட்டுக்கொண்டு, இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஒரு நடை நடந்தார். அத்தை அடுப்படியில் ஒன்றும் நடக்காத மாதிரிப் பாத்திரம் தேய்த்தாள். ஒரே பாத்திரத்தை நாலு தடவை தேய்த்தாள்.

மூன்று வாரம் ஓடியது. ஒரு நடை மூன்றானது, ஐந்தானது. எத்தனை என்று கேட்டால் மாமா சொல்லமாட்டார். அத்தையும் கேட்கமாட்டாள்.

ஒரு வெள்ளிக்கிழமை, எதிர்க் கட்டிடத்து முதல் மாடி டீச்சர் கடைக்கு வந்தார். ரிட்டயர் ஆனவர், ஆனாலும் யாரைப் பார்த்தாலும் நோட்டுத் திருத்துகிற பார்வை. பாவாடைக்கு அளவு கொடுத்துக்கொண்டே, "நேத்து பதினொண்ணு. நல்ல முன்னேற்றம்" என்றார்.

"எது டீச்சர்?"

"உங்க வீட்டுக்காரர் நடைதான். புதன்கிழமை எட்டு. மழை பெஞ்ச அன்னிக்கு நாலோட நிறுத்திட்டார், அது பரவாயில்லை."

அத்தையின் கையில் இருந்த டேப் சுருண்டு உள்ளே போய்விட்டது. லைட் போர்டுத் துணி என்றால் பின்னால் விளக்கு எரிந்தால் முன்னால் பளிச்சென்று தெரியும் துணி என்பது, அதைத் தைத்துக் கட்டி மூன்று வாரம் கழித்து அவளுக்கு விளங்கியது.

அன்று சாயங்காலம் நூல் வாங்கப்போவதாகச் சொல்லிவிட்டு, சுற்றிக்கொண்டு சந்துக்குள் போய் நின்றாள். வராந்தா பெரிய டிவி மாதிரி எரிந்துகொண்டிருந்தது. அந்தச் சிரிப்புக்குள்ளே மாமாவின் நிழல், இந்தக் கடைவாய்ப் பல்லிலிருந்து அந்தக் கடைவாய்ப் பல்லுக்குப் போய்க்கொண்டிருந்தது. மேலே ஒன்பது ஜன்னலில் ஏழில் தலை தெரிந்தது. நிழல் முன்பல்லில் நின்று மூச்சு வாங்கியபோது பால்கனியில் ஒருவர் வாய்க்குக் கொண்டுபோன டம்ளரை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். நிழல் நகர்ந்த பிறகுதான் குடித்தார். யாரும் சிரிக்கவில்லை, அந்தப் பல்லைத் தவிர.

அத்தை இன்னொன்றையும் பார்த்தாள். இத்தனை நாளும் பக்கத்தில் நின்று காலை மட்டும்தான் பார்த்திருந்தாள். தூரத்திலிருந்து பார்த்தால் முதுகு தெரிந்தது. நிமிர்ந்திருந்தது.

ஆனாலும் பயம் பயம்தான். மாமாவுக்குத் தெரிந்தால் வாக்கர் பரணுக்குப் போய்விடும். மறுநாளே இரண்டு போர்வையைச் சேர்த்து இரட்டைத் தையல் போட்டு, துணிக்கு உள்பக்கம் மறைத்துக் கட்டினாள். கொசு என்றாள். கொசுவுக்குப் போர்வையா என்று மாமா கேட்டார். குளிருகிற கொசு என்றாள்.

இரண்டு நாள் தாங்கியது. மூன்றாம் நாள் சாயங்காலம் வாசல் மணி அடித்தது. அத்தை வாயில் ஊசியைக் கவ்விக்கொண்டு மெஷினில் இருந்ததால், மாமாவே வாக்கரைத் தள்ளிக்கொண்டு போய்க் கதவைத் திறந்தார். டீச்சர்.

"உடம்பு சரியில்லையா? ரெண்டு நாளா ஆளையே காணோமே."

"ஆளை இதுக்கு முன்னாடி எங்க பார்த்தீங்க?"

முப்பது வருஷம் பிள்ளைகளைப் பொய் சொல்லாதே என்று அதட்டினவர். உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டார்: பேனர், லைட், நிழல், ஜன்னல்கள், தன் வீட்டுக் காலண்டரில் தினமும் குறித்துவைக்கிற எண். அத்தை ஊசியை எடுத்துவிட்டு ஏதாவது சொல்லப் பார்த்தாள். மாமா அவளைத் திரும்பிப் பார்த்தார். போர்வை இருந்த திசையைப் பார்த்தார். மெஷின் விளக்கைச் சுற்றி ஒரு பூச்சி மூன்று சுற்றுச் சுற்றியது.

"வியாழக்கிழமை எத்தனைன்னு போட்டிருக்கீங்க?" என்றார் மாமா.

"பதினொண்ணு."

"பதிமூணு."

"நான் உட்கார்ந்து எண்ணினேன் சார். பதினொண்ணுதான்."

"நடுவுல கரண்ட் போச்சா இல்லையா?"

டீச்சர் யோசித்தார். போனது என்று ஒப்புக்கொண்டார்.

"அந்த இருட்டுல ரெண்டு நடந்தேன். ஓடுற பஸ்ல லைட் இல்லாம டிக்கெட் கிழிச்சவன் நான். அதை நீங்க விட்டுட்டீங்க."

முப்பது வருஷ உத்தியோகத்தில் டீச்சர் மார்க்கைத் திருத்திப்போட்டது அன்றைக்குத்தானோ என்னவோ. வீட்டுக்குப் போய்ப் பதிமூன்று என்று மாற்றிவிடுகிறேன் என்றார். மாமா தலையை ஆட்டினார். பிறகு அத்தையின் பக்கம் திரும்பாமலேயே சொன்னார்: "அந்தப் போர்வையை அவிழ்த்துடு. கணக்கு தப்பா போகுது."

இரட்டைத் தையலில் கயிற்றையும் சேர்த்துத் தைத்துவைத்திருந்தாள். பிரிக்க முக்கால் மணி நேரம் ஆனது. வாழ்க்கையில் தன் தையலைத் தானே பிரித்து அவள் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. அதை முகத்தில் காட்டிக்கொள்ளவும் இல்லை.

அன்றைக்குக் கொஞ்சம் தாமதமாக, ஏழேகாலுக்கு, பல் எரிந்தது. உள்ளேயிருந்து மாமாவின் குரல், பழைய பஸ் குரல், "போலாம் ரைட்" என்றது. யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை. மேலே ஒரு ஜன்னலில் யாரோ விசிலடித்தார்கள். அடித்தவரை டீச்சர் அதட்டுவதும் கேட்டது.

அத்தை செருப்பை மாட்டிக்கொண்டு, நூல் வாங்கிவிட்டு வருவதாகச் சொல்லிக் கிளம்பினாள். வீட்டில் அப்போதே இருபத்தேழு நூல்கண்டு இருந்தது.