ஒழுகாத பாத்திகள்

அவர் அரசாங்கத்தில் முப்பது வருஷம் தண்ணீர்த் தொட்டி கட்டியவர். ஓய்வு பெற்றதும் ஆனேக்கல் பக்கம் கொஞ்சம் நிலம் வாங்கி, பாலித்தீன் கூரை போட்ட பசுமைக்குடில் ஒன்றை எழுப்பி, உள்ளே எட்டு மேட்டுப்பாத்திகள் கட்டினார். இடுப்பு உயரத்துக்குச் செங்கல் சுவர். உள்பக்கம் சிமெண்ட் பூச்சு. அடியில் கான்கிரீட். அதாவது, எட்டுத் தொட்டி கட்டி அதில் மண்ணைக் கொட்டினார். நான் அங்கே தோட்ட வேலைக்குப் போனபோது மண் நிரப்பி முடிந்திருந்தது. அடியில் என்ன இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்காததற்கு ஒரு வருஷம் போயிற்று.

தொண்ணூறுகளின் கடைசி அது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். அதற்கு முன் ஓசூரில் மூட்டை தூக்கியிருந்தேன், லாரியில் கிளீனராகப் போயிருந்தேன், சிவாஜிநகர் பிரியாணிக் கடையில் தேக்சா கழுவியிருந்தேன், ஹெப்பகோடியில் கொத்தனாருக்குக் கலவை போட்டிருந்தேன். எங்கேயும் முழுசாக ஒரு வருஷம் இருந்ததில்லை. கஷ்டம் தாங்காமல் ஓடினேன் என்று சொல்ல முடியாது. கொஞ்ச நாள் போனால் வேறு ஊருக்குப் போகிற பஸ் கண்ணில் பட்டுவிடும், அவ்வளவுதான். என் மனைவி இரண்டு முறை என்னோடு இடம் மாறினாள். மூன்றாவது முறை தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சிவாஜிநகரில் அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

"பூட்டுப் போடற மாதிரி ஒரு ரூம் புடிச்சிட்டு வா, வரேன். பஸ் ஸ்டாண்டுல குடித்தனம் பண்ண என்னால ஆவாது" என்றாள்.

இதை நான் நிலத்துக்காரரிடம் சொல்லவில்லை. மனைவி எங்கே என்று அவர் கேட்டார், அண்ணன் வீட்டில் என்றேன். அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். கன்னடம் கலந்த தமிழில் சொன்னார்:

"நோடப்பா, வருஷம் பூரா காய் வரணும். அதுக்குத்தான் இவ்ளோ கட்டினது. வெயில் காலம், மழைக் காலம் எல்லாம் வெளியில. உள்ள ஒரே காலம்தான். சண்டே சண்டே ஒரு கூடை மல்லேஸ்வரம் வீட்டுக்கு வரணும். ஒரு வாரம்கூட மிஸ் ஆகக்கூடாது. ஒரு வருஷம் அப்படிக் காமி, உனக்கும் உன் வீட்டுக்காரிக்கும் இங்கயே ஒரு ரூம் கட்டித் தரேன்."

அதுவரை பம்ப் ஷெட்டில் மோட்டார் பக்கத்தில் படுத்துக்கொண்டேன்.

முதல் ஐந்து மாதம் எதிலும் குறையில்லை. புது மண், புது எரு. தக்காளி, பீன்ஸ், குடைமிளகாய், முள்ளங்கி, தண்டுக்கீரை. ஞாயிறு காலை ஆனேக்கல் பஸ்ஸில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு போவேன். அவர் வாசலில் நின்று தக்காளியை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து வாங்குவார். அங்கிருந்து சிவாஜிநகர். என் மனைவி அண்ணன் வீட்டு வாசலில் காத்திருப்பாள். உள்ளே வா என்று அவள் அண்ணி கூப்பிட்டதில்லை. வாசலிலேயே நின்று பேசுவோம்.

"எத்தினி கூடை ஆச்சு?"

"நீயே சொல்லு."

"இருவத்தி ரெண்டு" என்பாள். எண்ணிக்கை அவளிடம்தான் இருந்தது. நான் எண்ணினால் நடுவில் விட்டுவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும்.

ஆறாம் மாதம் பீன்ஸ் இலை ஓரம் கருகியது. மண்ணின் மேல் வெள்ளையாக உப்புப் பூத்தது. எங்கள் போர்வெல் தண்ணீர் அப்படி. சட்டை துவைத்துக் காயப்போட்டால் விறைத்து நிற்கும். கையால் உப்பைச் சுரண்டி எடுத்தேன், நாலு நாளில் மறுபடி பூத்தது. ஒரு தக்காளிச் செடியைப் பிடுங்கினேன். வேர் பழுப்பாக வழுக்கியது. முழங்கை வரை கையை விட்டுப் பார்த்தேன். மேலே காய்ந்து வெடித்திருந்த மண், கீழே சாக்கடை மாதிரி இருந்தது. இன்னும் ஆழமாகத் தோண்டினேன். கரணை கான்கிரீட்டில் டங்கென்று இடித்தது. அப்போதுதான் புரிந்தது.

அடுத்த முறை அவர் வந்ததும் சொன்னேன்.

"சார், தண்ணி அடியில நிக்குது. வெளிய போவ வழியில்ல."

"எதுக்குப் போகணும்?"

"செடிக்குக் கால் அழுகிப்போவுது சார்."

"நீ தண்ணி ஜாஸ்தி விடறே. கம்மி பண்ணு."

கம்மி பண்ணினேன். உப்பு அதிகமானது. இன்னொரு தடவை சொன்னேன். சுவரில் அடிமட்டத்தில் பாத்திக்கு நாலு துளை போட்டால் போதும், நானே போடுகிறேன் என்றேன். அவர் பாத்திச் சுவரைத் தட்டிக் காட்டினார். ஒரு குழந்தையின் முதுகைத் தட்டுகிற மாதிரி.

"நான் கட்டின எந்தத் தொட்டியும் இன்னிக்கு வரைக்கும் ஒழுகினதில்ல. சாகற வயசுல ஒழுகற தொட்டி கட்டினேன்னு பேர் வாங்கணுமா? துளை பேடா, வேணாம். புக்ல ஒரு வழி இருக்கும், பாக்கறேன்."

அவரிடம் ஒரு புத்தகம் இருந்தது. அட்டையில் கண்ணாடி வீடு, வெளியே பனி கொட்டிக் கிடக்கும், உள்ளே ஒரு வெள்ளைக்காரம்மா கத்தரிக்கோலோடு நிற்பாள். இங்கிலீஷ் எனக்குத் தெரியாது. ஆனால் அந்தப் படத்தில் பாத்தி மரப்பலகையில் இருந்தது. பலகைக்கு நடுவே ஈரம் கசிந்து தரை கறுத்திருந்தது. அதைக் காட்டினேன். "அது வேற கிளைமேட்" என்று மூடிவிட்டார்.

கூடை சிறுத்துக்கொண்டே வந்தது. ஒரு ஞாயிறு அடியில் வைக்கோல் வைத்து மேலே கீரையைப் பரப்பிக் கொண்டுபோனேன். அதைக் கேட்டுவிட்டு என் மனைவி சொன்னாள்:

"சிவாஜிநகர் மார்க்கெட்ல ரெண்டு கிலோ வாங்கிப் போட்டுக் குடு. தக்காளி மேல அவரு பேரா எழுதியிருக்கு?"

"தெரிஞ்சுக்குவாரு."

"அவருக்கு அடியில தண்ணி நிக்கறதே தெரியல. இது தெரியப்போவுதா?"

நான் வாங்கவில்லை. நேர்மை ஒன்றும் இல்லை. அத்தனை மாதம் ஒரே இடத்தில் இருந்து பாடுபட்டுவிட்டு, கடைசியில் மார்க்கெட் தக்காளிக்கு ஒரு ரூம் வாங்குவது எனக்குக் கடுப்பாக இருந்தது. மறுநாள் உளியையும் சுத்தியலையும் எடுத்தேன். கடைசிப் பாத்தி, பின்பக்கச் சுவர், நின்று பார்த்தால் தெரியாத இடம். நன்றாகத்தான் கட்டியிருந்தார். ஒரு துளைக்கு அரை நாள் ஆயிற்று. உளி உள்ளே இறங்கியதும் கறுப்பாகத் தண்ணீர் பீறிட்டது. நாற்றம் தாங்கவில்லை. சாயங்காலம் வரை ஓடியது. நாலு துளை போட்டேன். கூரையிலிருந்து வழிந்த மழைத் தண்ணீரை டிரம்மில் பிடித்து, அந்தப் பாத்தியில் ஊற்றி ஊற்றி உப்பைக் கழுவினேன்.

முள்ளங்கி முதலில் வந்தது. பிறகு கீரை, பிறகு தக்காளி. மற்ற ஏழும் மஞ்சளாக நிற்க, அந்த ஒன்று மட்டும் பச்சை. அந்த ஒரு பாத்தியை வைத்துத்தான் கூடையை நிறுத்தாமல் ஓட்டினேன்.

அவர் வந்து பார்த்தார். பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"நோடு, நான் சொன்னேன்ல? கட்டினதுல தப்பு இல்ல. பராமரிப்புதான். இதுக்குப் பண்ணினதையே மத்த ஏழுக்கும் பண்ணு. என்ன பண்ணினே?"

நாற்பத்து மூன்று கூடை முடிந்திருந்தது. இன்னும் ஒன்பது. எருவை மாத்தினேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு பாத்தியால் ஒன்பது வாரம் தாக்குப்பிடிக்க முடியாது. மற்றதிலும் துளை போட்டாக வேண்டும், அது மறைக்கிற வேலை இல்லை.

"பின்னால கைய விட்டுப் பாருங்க சார்" என்றேன்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து கையை விட்டார். ஈரக் கையை எடுத்து முகர்ந்தார். திட்டுவார் என்று நின்றேன். "ஒழுகுது" என்று மட்டும் சொன்னார். காரில் ஏறிப் போய்விட்டார்.

நாலு நாள் கழித்து ஒரு துணிப்பையோடு வந்தார். உள்ளே எட்டுப் பித்தளைக் குழாய்கள். கூடவே ஒரு கொத்தனார். என் நாலு துளையையும் சிமெண்டால் அடைத்து, பாத்திக்கு ஒரு குழாயாக அடியில் பதித்தார்கள்.

"ஒழுகறது வேற, திறந்து விடறது வேற. இது வடிகால். சனிக்கிழமை காலைல திறக்கணும், சாயங்காலம் மூடணும்" என்றார்.

"சரி சார்."

"அப்பறம், இது புது டிசைன். பழசுல வந்த கூடையை இதுல சேர்க்க முடியாது. வர்ற சண்டேலேர்ந்து ஒண்ணுன்னு வெச்சுக்கோ."

குழாயைச் சுற்றிச் சிமெண்ட் இன்னும் காயவில்லை. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். ரோட்டில் ஓசூர் பஸ் போகிற சத்தம் கேட்டது. வேறு எந்த வருஷமாக இருந்தாலும் அதில் ஏறியிருப்பேன்.

ஞாயிறு சிவாஜிநகர் வாசலில் நின்று சொன்னேன். அவள் நம்பவில்லை.

"மொதல்லேர்ந்தா?"

"ஆமா."

"நாப்பத்தி மூணு நான் எண்ணுனது. அது இன்னா, காத்துல போச்சா?"

உள்ளே போனாள். அண்ணியிடம் ஏதோ பேசுகிற சத்தம் வந்தது. தகரப் பெட்டியோடு திரும்பி வந்தாள்.

"ரூம் இன்னும் ஆவல" என்றேன்.

"ஆவாது. நட."

பம்ப் ஷெட்டில் அவள் பெட்டியை ஒரு மூலையில் வைத்தாள். மோட்டாரைப் போட்டு அந்த இரைச்சலைக் கேட்டாள், நிறுத்தினாள். குழாய்களைப் பற்றிச் சொன்னேன். அவளே போய் எட்டையும் திறந்துவிட்டாள். அவர் கார் சத்தம் கேட்டால் மட்டும் மூடுவோம்.

அடுத்த வாரம் அவர் வந்தபோது குடிலுக்கு வெளியே கயிற்றில் புடவை காய்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தார், குனிந்து கயிற்றைக் கடந்து உள்ளே போனார். அதற்கடுத்த வாரம் கட்டம் போட்ட தாளில் ஒரு படம் வரைந்து கொண்டுவந்து எங்களிடம் நீட்டினார். பத்துக்குப் பத்து அறை. கதவு, ஜன்னல், அடுப்பு மேடை, மூலையில் குளிக்க ஒரு தடுப்பு, எல்லாம் அளவோடு.

"நல்லா கட்டறேன். ஒரு சொட்டு ஒழுகாது. ஒரு வருஷம் ஆகட்டும்" என்றார்.

அவர் போன பிறகு அவள் அந்தத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது, படம் புரியும்.

"குளிக்கற தண்ணி எங்க போவும்?" என்றாள்.

வாங்கிப் பார்த்தேன். நாலு பக்கமும் தேடினேன். வழி போடவில்லை.