தேவையில்லைன்னு நான் போட்ட டிக்

அந்த டிக்கை நினைச்சா எனக்கு இன்னிக்கும் பத்திக்கிட்டு வருது. யார் மேல கோபம்னு கேட்டா ஒரே ஆளைக் காட்டிச் சொல்ல முடியாது. அதுதான் பெரிய எரிச்சல். ஒரு ஆள்னா திட்டித் தீர்த்துட்டுத் தூங்கப் போயிடலாம்.

ரெண்டாயிரத்துக்கு அப்புறம் அஞ்சாறு வருஷம் செங்கல்பட்டுல ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில கம்ப்யூட்டர் டீச்சரா இருந்தேன். ஒப்பந்த வேலை. வீடு மாமல்லபுரத்துல. காலையில பஸ்ஸைப் பிடிச்சு, திருக்கழுக்குன்றம் தாண்டினப்புறம் உட்கார இடம் கிடைச்சா அன்னிக்கு நல்ல நாள். ப்ளஸ் டூவுல தமிழ் மீடியத்துக்குன்னு தனியா ஒரு கம்ப்யூட்டர் குரூப் இருந்தது. நாப்பத்திரண்டு பொண்ணுங்க. குப்பத்துலேர்ந்து வர்றவ, செங்கல் சூளையிலேர்ந்து வர்றவ, கோயில் மடப்பள்ளியில வேலை பார்க்கறவர் பொண்ணு, எல்லாரும் உண்டு. ஒருத்தி வீட்டுலயும் கம்ப்யூட்டர் கிடையாது.

லேப்ல இருந்தது மூணு கிழட்டு மெஷின். ஒண்ணுல நான் செஞ்சு காட்டுவேன். முதல் வரிசைக்குத் திரை தெரியும். பின்னால நிக்கறவளுக்கு முன்னால நிக்கறவளோட ரெட்டைப் பின்னல் தெரியும். இதை வச்சுக்கிட்டு பிராக்டிகல் நடத்தணும். இது நடந்த வருஷ ஆரம்பத்துலயே ஹெட்மாஸ்டர் என்னைக் கூப்பிட்டுச் சொல்லிட்டார். பிராக்டிகல்ல ஏதாவது கோளாறுன்னு வெளிலேர்ந்து வர்ற எக்ஸாமினர் எழுதிட்டார்னா, அடுத்த ஜூன்ல தமிழ் மீடியத்துக்கு கம்ப்யூட்டர் குரூப்பே கிடையாதாம். தாளாளர் முடிவு பண்ணிட்டாராம். இங்கிலீஷ் மீடியம் குரூப் மட்டும் இருக்குமாம். குப்பத்துப் பொண்ணுங்களுக்குக் கம்ப்யூட்டர் எதுக்குன்னு வாய்விட்டுச் சொல்லல, அவ்வளவுதான். மூஞ்சியில எழுதி இருந்தது.

என் தம்பி அப்ப கேளம்பாக்கத்துல ஒரு ஐடி ஆபீஸ்ல இருந்தான். அங்க பழைய மெஷினை எல்லாம் கழிச்சுக் கட்டறாங்கன்னு கேள்விப்பட்டு அவன் உயிரை எடுத்தேன். அவன் அவனோட மேனேஜர் உயிரை எடுத்தான். கடைசியில டிசம்பர் மழை விட்ட கையோட ஒரு வேன்ல பன்னிரண்டு பெட்டி வந்து இறங்கிச்சு. உள்ளே இருந்ததை எல்லாம் சுத்தமா அழிச்சுட்டுத்தான் கொடுத்தாங்க. ஆனா ஒவ்வொரு பெட்டி பக்கவாட்டுலயும் விண்டோஸ் எக்ஸ்பி லைசன்ஸ் ஸ்டிக்கர் ஒட்டினது ஒட்டினபடி இருந்தது. கூடவே அசல் சிடியும் ஒண்ணு.

ஸ்கூலுக்கு வழக்கமா வர்ற சர்வீஸ் ஆள் வந்து பார்த்தார். ஒரு மெஷின்ல சிடியைப் போட்டு எக்ஸ்பி ஏத்தினார். ஏறி முடியறதுக்குள்ள ரெண்டு பீரியட் போயிடுச்சு. அப்புறம் ஆன் பண்ணினா, நான் ஸ்டாஃப் ரூம் போய் டீ குடிச்சுட்டு வந்தேன், அது இன்னும் கண்ணு முழிக்கல. மெமரி பத்தாது, குப்பை மேடம், தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கச் சொல்லுங்கன்னு சொல்லிட்டு, புதுசுக்கு அவரே ஒரு பட்டியலும் எழுதி ஹெட்மாஸ்டர் மேஜையில வச்சுட்டுப் போயிட்டார். ஸ்க்ரூ டிரைவரைக்கூட வெளியில எடுக்கல மனுஷன். எனக்கு வந்துது பாருங்க கோபம்.

அந்த ஞாயித்துக்கிழமை காலையில மாமல்லபுரத்துல கடற்கரைக் கோயில் போற ரோட்டுல இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போய் உட்கார்ந்தேன். வெள்ளைக்காரங்க வர்ற இடம், அதனால லைன் கொஞ்சம் வேகமா இருக்கும். தேடினதுல ஒரு இன்டர்நெட் மன்றம் கிடைச்சுது. உலகம் பூராவும் இருக்கற ஆளுங்க, என்னை மாதிரியே பழைய மெஷினைக் கட்டிக்கிட்டு அழறவங்க, அங்க கூடி எழுதிக்கிட்டு இருந்தாங்க. அவங்கள்ல ஒருத்தர் ஒரு கருவி செஞ்சு இலவசமா வச்சிருந்தார். அசல் சிடியை அதுக்குள்ள கொடுத்தா, எக்ஸ்பிக்குள்ள என்னென்ன இருக்குன்னு ஒரு நீளப் பட்டியல் காட்டும். எது வேண்டாமோ அதுக்கு டிக் போடணும். டிக் போட்டதை எல்லாம் வெட்டி வெளியில போட்டுட்டு, மிச்சத்தை வச்சு நமக்குன்னு புதுசா ஒரு சிடி செஞ்சு கொடுத்துடும். வழியில நின்னு நின்னு கேள்வி கேட்காது. பேர், நேரம், லைசன்ஸ் நம்பர் எல்லாத்தையும் முன்னாடியே எழுதிக் கொடுத்துட்டா தானே ஏறிக்கும். பத்துக் காசு வாங்காம ஒரு முகம் தெரியாத ஆள் இதைச் செஞ்சு வச்சிருக்கார், மாசாமாசம் வந்து டீ குடிச்சுட்டுப் போற நம்ம ஆளுக்கு இது தெரியல. தெரிஞ்சுக்கணும்னு தோணவும் இல்ல.

வீட்டுல என்கிட்ட ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. ரெண்டு வாரம் அதுல உட்கார்ந்து டிக் போட்டேன். விண்டோஸைச் சுத்திக் காட்டற படம், சினிமா ஓட்டறது, மெசேஜ் அனுப்பறது, நாப்பது தேசத்துக் கீபோர்டு, என்னிக்கும் வாங்கப் போகாத பிரிண்டருக்கெல்லாம் டிரைவர். வெட்ட வெட்ட எனக்கு சந்தோஷம் தாங்கல. பரண் சுத்தம் பண்ற மாதிரி இருந்தது. சந்தேகம் வந்தா அந்த மன்றத்துல போய்ப் பார்ப்பேன். ஒவ்வொண்ணுக்கும் நேரே யாராவது எழுதியிருப்பாங்க, இதை எடுக்கலாம், இதைத் தொடாதேன்னு. விண்டோஸுக்கு முந்தின காலத்து டாஸ் புரோகிராம் ஓட்டறதுக்குன்னு ஒரு பகுதி இருந்தது. அதுக்கு நேரே ஒருத்தன் எழுதியிருந்தான், இந்தக் காலத்துல இது யாருக்கு வேணும், தைரியமா எடுன்னு. கீழே நாலு பேர் ஆமாம் போட்டிருந்தாங்க. நானும் சிரிச்சுக்கிட்டே டிக் போட்டேன். ஏதோ நானும் அவங்க ஊர்க்காரி மாதிரி.

புது சிடி பிரமாதமா வந்தது. காலையில பிரேயர் பெல்லுக்கு முன்னாடி பன்னிரண்டு மெஷினையும் ஒண்ணொண்ணா ஆரம்பிச்சு விட்டேன், மதியம் சாப்பாட்டு பெல் அடிக்கறதுக்குள்ள எல்லாம் தானே ஏறி முடிஞ்சு நின்னுது. ஆன் பண்ணின ஒரு நிமிஷத்துல எழுந்திருச்சு. லெட்டர் அடிக்கறது, கணக்குப் போடறதுன்னு ஆபீஸ் பாடத்துக்கான சாப்ட்வேர் ஓடிச்சு. பொண்ணுங்க முதல் தடவையா ஆளுக்கொரு நாற்காலியில உட்கார்ந்து, தன் பேரைத் தானே டைப் அடிச்சுப் பார்த்தாங்க. அடுத்த ரெண்டு வாரம் நான் தரையில நடக்கல.

அது பொறுக்குமா. சர்வீஸ் ஆள் வந்து பார்த்துட்டு நேரா ஹெட்மாஸ்டர் ரூமுக்குப் போய், மேடம் திருட்டு சிடி போட்டிருக்காங்கன்னு வத்தி வச்சுட்டார். ஹெட்மாஸ்டர் என்னைக் கூப்பிட்டு, ஏம்மா போலீஸ் கேஸ் கீஸ் ஆயிடாதேன்னு கேட்டார். மெஷின் எப்படி ஓடுதுன்னு ஒரு வார்த்தை கேட்கல. நான் அவரைக் கையோட லேபுக்கு இழுத்துக்கிட்டுப் போய் பன்னிரண்டு ஸ்டிக்கரையும் ஒண்ணொண்ணா படிச்சுக் காட்டினேன். அசல் சிடியைக் காட்டினேன். எங்க தம்பி ஆபீஸ் கொடுத்த கடுதாசியைக் காட்டினேன். சரி சரி, பிராக்டிகல் ஒழுங்கா நடந்தா போதும், இல்லேன்னா தெரியுமில்லன்னு சொல்லிட்டுப் போனார்.

இப்ப நடுவுல ஒண்ணு சொல்லிடணும். எங்க ஸ்கூல்ல சி பிளஸ் பிளஸ் புரோகிராம்ங்கறது கரும்பலகை விஷயம். நான் எழுதிப் போடுவேன், அவங்க ரெக்கார்டு நோட்டுல வலது பக்கம் எழுதிப்பாங்க. புரோகிராம் ஓடினா திரையில என்ன வரணுமோ அந்த அவுட்புட்டையும் நானே போர்டுல எழுதிடுவேன், அதை இடது பக்கம் வெள்ளைத்தாள்ல பென்சிலால எழுதிப்பாங்க. நான் சரிபார்த்தேன்னு சிவப்பு மையில கையெழுத்து போடுவேன். சுத்துவட்டாரத்துல எந்த ஸ்கூல்லயும் இதுதான் வழக்கம். மூணு மெஷின்ல வேற எப்படி நடத்தறது? பன்னிரண்டு வந்தப்புறமும், ரெக்கார்டு எழுதித்தான் முடிச்சாச்சே, கிடைச்ச பீரியடை ஆபீஸ் பாடத்துக்கு வச்சுக்கலாம்னு விட்டுட்டேன். பழைய மூணு மெஷினையும் கழிச்சுக் கட்டறதுக்கு முன்னாடி அதுல இருந்த சி பிளஸ் பிளஸ் போல்டரை எல்லா மெஷின்லயும் காப்பி பண்ணி, திரையில ஒரு ஐகானும் வச்சேன். திறந்து பார்க்கல. ஐகான் இருந்ததே, போதாதா.

பிப்ரவரியில பிராக்டிகல். எக்ஸாமினர் காலையிலேயே வந்துட்டார், ஐம்பது வயசு இருக்கும், வேற ஊர்ப் பள்ளிக்கூடத்து வாத்தியார். ஹெட்மாஸ்டருக்கு அன்னிக்கு ஒரே கவலை, அவருக்கு இளநீர் வந்துச்சா, மதியம் மாமல்லபுரத்துலேர்ந்து வஞ்சிரம் மீன் சாப்பாடு நேரத்துக்கு வந்து சேருமா. முதல் பேட்ச் பன்னிரண்டு பொண்ணுங்க. சீட்டு எடுத்தாங்க, பேப்பர்ல புரோகிராம் எழுதினாங்க, மெஷின்ல போய் உட்கார்ந்தாங்க. முதல் நாற்காலியில இருந்தவ, கோவளம் பக்கத்துலேர்ந்து வர்ற பொண்ணு, நல்லாப் படிக்கறவ, ஐகானைத் தட்டினா. கறுப்பா ஒரு கட்டம் கண் சிமிட்டற நேரத்துக்கு வந்துட்டு மூடிக்கிச்சு.

நான் பக்கத்து நாற்காலிக்கு ஓடினேன். அடுத்த மெஷின், அதுலயும் கறுப்பு. அதுக்கடுத்ததும் அதே. அந்த நிமிஷமே விளங்கிடுச்சு. நம்ம பாடத்திட்டத்துல இருக்கற நீலத்திரை சி பிளஸ் பிளஸ் ஒரு டாஸ் புரோகிராம். உலகமே கைகழுவினதை நம்ம ஊர்ல மட்டும் பரீட்சைக்கு வச்சிருக்காங்க. இந்தக் காலத்துல யாருக்கு வேணும்னு அந்த ஆள் கேட்டானே, எங்களுக்கு வேணும்டா. எங்க நாப்பத்திரண்டு பேருக்கு வேணும். அது தெரிய வேண்டியவ நான். தெரியாம அவன் எழுதினான், தெரிஞ்ச நான் டிக் போட்டேன்.

வெட்டின பகுதியைத் திருப்பிச் சேர்க்க அசல் சிடி வேணும், அது வீட்டுல. போய் எடுத்துக்கிட்டு வர்றதுன்னா மதியம் ஆயிடும். மறைக்கலாம்னு ஒரு நினைப்பு வந்தது, பொய் சொல்ல மாட்டேன். மறைச்சுட்டு அவரே கண்டுபிடிச்சு எழுதினா குரூப் போச்சு. நானே போய்ச் சொன்னாலும் போகலாம். எக்ஸாமினர் மேஜைகிட்ட போய், சார், தப்பு என்னோடது, சி பிளஸ் பிளஸ் கம்பைலர் எந்த மெஷின்லயும் திறக்கல, சாயந்திரத்துக்குள்ள சரி பண்ணிடறேன், பொண்ணுங்களைத் தண்டிச்சுடாதீங்கன்னு சொன்னேன்.

அவர் பேப்பர்லேர்ந்து தலையை நிமிர்த்தல. "அவுட்புட் எழுதிட்டாங்கல்ல?" ன்னார்.

திரும்பிப் பார்த்தேன். பன்னிரண்டு பேரும் எழுதி முடிச்சுட்டாங்க. திறக்காத கம்பைலர்ல ஓடாத புரோகிராமுக்கு, ஒரு எழுத்துப் பிசகாம, பென்சிலால, அளவா கட்டம் கட்டி அவுட்புட். ஒருத்தி கையைத் தூக்கல. ஒருத்தி மிஸ்னு கூப்பிடல.

"எங்க ஸ்கூல்ல மெஷினே ஓடாது மேடம்," ன்னு சொல்லிக்கிட்டே அவர் கையெழுத்து போட ஆரம்பிச்சார். "உங்களுதுல மானிட்டராவது எரியுது. ஏன் டென்ஷன் ஆறீங்க?"

எனக்கு உயிர் வந்தது. அதை நினைச்சாத்தான் இப்பவும் என் மேலயே கடுப்பு. அந்த ஆளைச் சட்டையைப் பிடிச்சு உலுக்கியிருக்கணும், நான் நன்றி சார்னு சொன்னேன். நாலு பேட்சும் அப்படியே முடிஞ்சுது. அவர் மீன் சாப்பாடு நல்லாயிருந்துதுன்னு சொன்னார். ஹெட்மாஸ்டர் என்னைப் பார்த்து முதல் தடவையா சிரிச்சார். குரூப்புக்கு ஒரு ஆபத்தும் இல்ல. திருட்டு சிடின்னு சொன்ன சர்வீஸ் ஆள்கூட, எப்படி மேடம் இவ்வளவு ஸ்பீடான்னு கேட்டுட்டுப் போனார்.

எல்லாரும் போனப்புறம், பை எடுக்க வந்த பொண்ணுங்களை நிறுத்தி வச்சுக் கத்தினேன். யார் மேல காட்ட வேண்டிய கோபத்தையோ அதுங்க மேல காட்டினேன். கண்ணெதிர்ல திறக்கலையே, மெஷின் முன்னாடி பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தீங்களே, ஒருத்திக்காவது என்னைக் கூப்பிட வாய் வரலையான்னு கேட்டேன். எல்லாரும் தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. கோவளத்துப் பொண்ணு மட்டும் என்னை நேராப் பார்த்தா. அவ முகத்துல பயம் இல்ல, நான் எதுக்குக் கத்தறேன்னு புரியாம நின்னா.

"கறுப்பா ஒண்ணு வந்துட்டுப் போச்சே மிஸ்," ன்னா. "அதான் சி பிளஸ் பிளஸ்னு நெனச்சினு இருந்தோம். ஏன் மிஸ், வேற இன்னா வரணும்?"

அவளுக்கு ஐம்பதுக்கு ஐம்பது. மார்க் பட்டியல்ல எழுதினது நான்தான்.